ஒரு லட்ச ரூபாய்ப் படகு

அக்டோபர் 9

பட்ஜெட் சுற்றறிக்கை இன்று வந்துவிட்டது. இனி பிப்ரவரி முதல் தேதி வரைக்கும் இந்த வீட்டில் இட்லிக்கு ஊறப்போட ஆள் கிடையாது.

நான் ஒரு அமைச்சகத்தில் பணம் கேட்கிற பக்கம். இவர் நிதி அமைச்சகத்தில் பணம் வெட்டுகிற பக்கம். இரண்டு பேரும் அண்டர் செக்ரட்டரிதான். டெல்லிக்கு வந்து குடித்தனம் வைத்த நாளிலிருந்து, ஆபீஸ் சமாச்சாரத்தை வீட்டில் பேசக்கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். இருபத்திரண்டு வருஷமாக அவர் அதைக் காப்பாற்றுகிறார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, அதனால்தான் இந்த நோட்டு.

ஒவ்வொரு செலவுக்கும் ஒரு தலைப்பு. ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று தொகை எழுத வேண்டும்: போன வருஷம் செலவானது, இந்த வருஷம் ஆகப்போவது, அடுத்த வருஷம் வேண்டியது. என் பொறுப்பில் நாற்பத்தோரு தலைப்பு. நாற்பது பற்றி எழுத ஒன்றுமில்லை. நாற்பத்தொன்றாவது என் படகு.

என் படகு என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும். அந்தமானில் சின்னச் சின்னத் தீவுகளாகப் பதினோரு இடத்துக்குப் போகிற மருத்துவப் படகு அது. ஒரு நர்ஸ், இரண்டு படகுக்காரர்கள், மாசத்தில் இரண்டு தடவை ஒரு டாக்டர். வருஷத்துக்கு ஒரு கோடியே தொண்ணூறு லட்சம். ஆறு வருஷமாக அதற்குப் பணம் வாங்கிக் கொடுக்கிறேன், இன்னும் கண்ணால் பார்த்ததில்லை.

அக்டோபர் 17

படிவம் முடிந்தது. படகுக்குப் போன வருஷம் செலவு ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம்தான். இஞ்சின் பழுதாகி ஐந்து மாசம் கரையில் கிடந்தது. மிச்சமான அறுபத்திரண்டு லட்சத்தை மார்ச் மாசம் ஒரு பைசா விடாமல் அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்தேன். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? கடைசி வாரத்தில் நாற்காலியும் அலமாரியுமாக வாங்கித் தள்ளிக் கணக்கை நேர் பண்ணுவார்கள். எனக்கு அந்த வேலையெல்லாம் வராது.

அந்த ஐந்து மாசமும் நர்ஸ் ரெஜினா ஓயாமல் போன் பண்ணினாள். போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த பெண், தாய் தகப்பன் ராமநாதபுரத்துக்காரர்கள். "மேடம், வாடகைக்கு ஒரு போட்டப் புடிப்போமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டெண்டர் விடாமல் எப்படிப் பிடிப்பது? கொஞ்சம் பொறுத்துக்கோம்மா என்றேன். பொறுத்துக்கொண்டாள். தங்கமான பெண்.

அக்டோபர் 28

கேண்டீனில் ஒரு செய்தி. நிதி அமைச்சகத்தில் மேஜைகளை மாற்றிப் போட்டிருக்கிறார்களாம். எங்கள் அமைச்சகத்தின் ஃபைல் இந்த வருஷம் இவர் மேஜைக்கு வருகிறதாம்.

எனக்கு அதில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் வெண்டைக்காய் மோர்க்குழம்பு வைத்தேன். அது இவருக்குப் பிடிக்கும் என்பதற்காக இல்லை, வெண்டைக்காய் முற்றிக்கொண்டிருந்தது.

நவம்பர் 3

இந்த மனுஷனை என்ன செய்வது?

ஃபைல் மேஜைக்கு வந்த அன்றைக்கே நோட் எழுதிவிட்டாராம். 'சம்பந்தப்பட்ட அமைச்சகத்தில் என் மனைவி பணிபுரிவதால் இதை வேறு அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன்.' அடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஃபைல் இப்போது பட்வாலிடம். பட்வால் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ஆபீஸ் பேச்சு வேண்டாம்மா."

"நான் என்ன உங்ககிட்ட சலுகையா கேட்டேன்?"

"கேக்கல. மோர்க்குழம்பு வச்ச."

இனி மூன்று நாளைக்கு ரசம் மட்டும்தான்.

நவம்பர் 5

இரண்டாவது நாளும் ரசம். "நல்லா இருக்கு" என்கிறார். கோபப்படக்கூடத் தெரியாத ஜென்மம்.

நவம்பர் 12

நிதி அமைச்சகத்தில் மீட்டிங். எங்கள் பக்கம் ஜாயிண்ட் செக்ரட்டரி, அவருக்குப் பின்னால் நான், என் மடியில் நாற்பத்தோரு தலைப்பு. எதிரே பட்வால். ஆள் ஒல்லி, மேஜையில் ஒரு பென்சில், அவ்வளவுதான். நாற்பது தலைப்பும் ஒரு மணி நேரத்தில் ஓடிவிட்டது. படகுக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தார்.

இந்தியில்தான் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"மேடம், போன மார்ச்சில் அறுபத்திரண்டு லட்சம் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். நல்லது. காரணம் என்ற இடத்தில் 'தேவை ஏற்படவில்லை' என்று இருக்கிறது. நீங்கள் எழுதிக்கொடுப்பதை நம்பித்தான் நாங்கள் வேலை செய்கிறோம். ஐந்து மாதம் தேவைப்படாத படகு ஆறாவது மாதம் எதற்கு?"

"சார், இஞ்சின் பழுது" என்றேன்.

"அப்படி எழுதவில்லையே."

ஜாயிண்ட் செக்ரட்டரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஃபைலைப் புரட்டினேன், அந்தக் காகிதம் அதில் இல்லை. பட்வால் பென்சிலை எடுத்துப் படகின் மேல் ஒரு கோடு போட்டார். மார்ச் முப்பத்தொன்றோடு திட்டம் முடிகிறது.

எந்த மகானுபாவர் இதை எழுதியது? 'தேவை ஏற்படவில்லை'யாம்! பழைய வருஷத்துப் படிவத்தைப் பார்த்து அப்படியே காப்பியடித்திருக்கிறது அந்த முட்டாள். கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

நவம்பர் 13

ராத்திரிச் சமையலின்போது ஒப்பந்தத்தை மீறி அந்த முட்டாளை இவரிடம் அரை மணி நேரம் திட்டினேன். இவர் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மறுநாளைக்கும் சேர்த்து நறுக்கிவிட்டார்.

நவம்பர் 20

ரெஜினா போன் பண்ணினாள். அவளுக்கு ஒப்பந்த வேலை, திட்டம் முடிந்தால் அவளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"மேடம், மார்ச்சுக்கு அப்புறம் ஊசி மருந்தெல்லாம் எங்க வைக்கிறது? பெரிய ஆஸ்பத்திரில ஒப்படைச்சா, திரும்பப் படகு ஓடுறப்ப தருவாங்களா?"

திரும்ப ஓடும் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். பார்க்கலாம்மா என்றேன்.

நவம்பர் 26

பழைய ஃபைல் கிடைத்தது. ரெக்கார்டு அறையில் இரண்டு மணி நேரம் தூசி தின்றேன். கையெழுத்தைப் பார்த்தேன்.

தலைவலி. நாளைக்கு லீவு.

நவம்பர் 27

எழுதித்தான் ஆக வேண்டும். கையெழுத்து என்னுடையது. தையல்நாயகி, அண்டர் செக்ரட்டரி, மார்ச் 14. நாற்பத்தோரு தலைப்பையும் ஒரே சாயங்காலத்தில் முடித்திருக்கிறேன், எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம். எனக்கு ஞாபகமே இல்லை. அந்த முட்டாளை இரண்டு வாரம் ஊரெல்லாம் திட்டித் தீர்த்தேன்.

காலையிலிருந்து படுக்கையை விட்டு எழவில்லை. இவரும் லீவு போட்டுவிட்டார். பட்ஜெட் நேரத்தில் இவர் லீவு போட்டதைக் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஃபைல் என் டேபிளுக்கு வந்த அன்னிக்கே பாத்தேன். அப்புறந்தான் அனுப்பிட்டேன்."

"நான் அந்த முட்டாள முட்டாள்னு கத்திக்கிட்டு இருந்தேனே, வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?"

"ஆபீஸ்ல பாத்தத வீட்ல எப்படிம்மா சொல்றது?" என்றார். காபியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நீ அத்தனை திட்டினப்ப எனக்குதான் தாங்கல. என் பொண்டாட்டிய யாரோ திட்டுற மாதிரி இருந்துச்சு."

அழுதுவிட்டேன். எதற்கு மறைக்க வேண்டும், நன்றாக அழுதேன். அப்புறம் இரண்டு பேரும் உருளைக்கிழங்குப் பொரியல் பண்ணிச் சாப்பிட்டோம். ஆபீஸ் பேச்சு பேசவில்லை.

டிசம்பர் 2

நோட் எழுதினேன். மூன்றே வாக்கியம். 'போன மார்ச்சில் தந்த காரணம் தவறு. படகு பழுதாகி நின்றதால்தான் பணம் மிஞ்சியது. தவறு என்னுடையது.'

ஜாயிண்ட் செக்ரட்டரி இரண்டு தடவை படித்தார். நல்ல மனுஷர், லக்னோக்காரர். "ஜனவரியில் புரமோஷன் கமிட்டி உட்காருகிறது. உங்கள் பெயர் மேலே இருக்கிறது. இந்தக் காகிதமும் அவர்கள் முன்னால் இருக்கும். 'அலுவலகத் தவறு' என்று பொதுவாக எழுதிவிடலாமே?" என்றார்.

ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தேன். பொதுவாக எழுதினால் எங்கள் செக்ஷனில் இருக்கிற சின்னப் பையன்களில் ஒருவன் தலையில் விழும். அதைவிட, பட்வால் பொதுவாக எழுதியதை நம்பமாட்டார். பொதுவாக எழுதித்தானே இந்தக் கதிக்கு வந்தோம்.

"இப்படியே போகட்டும் சார்" என்றேன். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. லிஃப்டில் ஏறி எந்த மாடியையும் அழுத்தாமல் நின்றேன்.

டிசம்பர் 8

பட்வால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நோட் அவர் முன்னால் இருந்தது.

"இந்தப் பதவியில் பதினோரு வருடமாக இருக்கிறேன். 'தவறு என்னுடையது' என்று எழுதிய ஃபைல் ஒன்றுகூட வந்ததில்லை. எங்கே வைப்பது என்றே தெரியவில்லை" என்றார்.

ஆனால் பணம் இல்லை. உங்கள் அமைச்சகத்துக்கு மொத்தம் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு போட்டு மேலே போய்விட்டது, இனி ஒரு ரூபாய் ஏறாது. அவரால் ஒன்றுதான் முடியும். படகின் தலைப்பை அழிக்காமல் அதில் ஒரு லட்சம் மட்டும் போட்டு வைக்கலாம். டோக்கன் என்பார்கள். தலைப்பு உயிரோடு இருந்தால், ஏப்ரலுக்கு அப்புறம் அமைச்சகம் தன்னுடைய வேறு செலவிலிருந்து பணத்தை எடுத்து அதில் போட்டுக்கொள்ளலாம். தலைப்பே இல்லாவிட்டால் பணம் இருந்தாலும் போட வழியில்லை. பாத்திரம் இருந்தால்தானே ஊற்ற முடியும்.

"எதிலிருந்து எடுப்பீர்கள்?" என்று கேட்டார்.

"கண்டுபிடிக்கிறேன் சார்."

"நாளை சாயங்காலத்துக்குள் எழுத்தில் வேண்டும்."

டிசம்பர் 9

எதிலிருந்து என்பது எனக்கு நேற்றே தெரியும். வாயைத் திறக்கத்தான் பயம். எங்கள் கான்ஃபரன்ஸ் ஹாலைப் புதுப்பிக்க இரண்டு கோடி வைத்திருக்கிறோம். ஜாயிண்ட் செக்ரட்டரியின் ஆசைத் திட்டம். திரைச்சீலைத் துணிகூடத் தேர்ந்தெடுத்து, மாதிரித் துண்டை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

பட்வால் சொன்னதைச் சொன்னேன். ஹாலைப் பற்றி நான் சொல்லவே இல்லை. அந்தத் துணித் துண்டைப் பார்த்தபடி நின்றேன், அவ்வளவுதான்.

"தையல்நாயகி, உங்கள் கணவர் எப்படித்தான் சமாளிக்கிறாரோ" என்றார். பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். துணித் துண்டை எடுத்து டிராயருக்குள் வைத்தார். பாவமாக இருந்தது.

ஜனவரி 4

குளிர். கீசர் வேலை செய்யவில்லை. இவர் நாளெல்லாம் ஆபீஸிலேயே இருக்கிறார். ஸ்வெட்டரைப் பின்பக்கம் முன்னாலாகப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார், அங்கே ஒருத்தரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எல்லாரும் அந்த நிலைமையில்தான் இருப்பார்கள்.

ஜனவரி 22

புரமோஷன் லிஸ்ட் வந்தது. என் பெயர் இல்லை. என்னைவிட நான்கு வருஷம் ஜூனியர் ஒருத்தி இனிமேல் எனக்கு அதிகாரி.

வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிஷம் நின்றேன். அப்புறம் அவளிடம் போய் வாழ்த்துச் சொன்னேன். எழுந்து நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரோஜினி நகர் மார்க்கெட்டிலிருந்து ஒரு கிலோ மல்லிகை மொட்டு வாங்கி வந்திருக்கிறார். ஒரு கிலோ! "கால் கிலோ போதும்னு தெரியாதா?" என்று கேட்டேன். "எவ்வளவு வாங்குறதுன்னு தெரியல" என்றார். ஆயிரம் கோடிகளை வெட்டுகிறவர். இரண்டு பேரும் உட்கார்ந்து தொடுத்தோம். இவர் தொடுத்த சரம் கையில் எடுத்ததும் உதிர்ந்தது.

பிப்ரவரி 1

காலை பதினொன்றுக்குப் பட்ஜெட் உரை. ஒன்றரை மணி நேரம் டிவி முன்னால் உட்கார்ந்தேன். நம் சமாச்சாரம் உரையில் வராது என்று தெரியும், இருந்தாலும் உட்கார்ந்தேன். உரை முடிந்து புத்தகங்கள் இணையத்தில் ஏறியதும் எங்கள் அமைச்சகத்தின் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். எல்லாத் தொகையும் கோடியில்தான் இருக்கும். மேலே எட்டாயிரம், நாலாயிரம் என்று ஓடியது. கடைசி வரிக்கு முந்தின வரியில் படகு: 0.01.

அந்தப் புத்தகத்தில் அதைவிடச் சின்னத் தொகையை அச்சடிக்க முடியாது. ஸ்கிரீனைத் தொட்டுப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

ரெஜினா கூப்பிட்டாள்.

"மேடம், டிவில நம்ம போட்டப் பத்தி ஒண்ணுமே சொல்லலயே?"

"புஸ்தகத்துல இருக்குடி."

"எவ்ளோ மேடம்?"

"ஒரு லட்சம்."

"மேடம், அது டீசலுக்கே ஒரு வாரத்துக்குத் தாங்காதே."

"அது டீசலுக்கு இல்ல. தலைப்பு சாகாம இருக்கறதுக்கு. டீசலுக்கு ஏப்ரல்ல வரும். ஊசி மருந்த யாருக்கும் குடுத்துடாத."

இவர் மத்தியானம் வந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்தவர் இதை எழுதும் வரைக்கும் எழவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன். சாக்ஸில் ஒன்று கறுப்பு, ஒன்று ஊதா.

ஏப்ரல் 10

பணத்தை மாற்றும் உத்தரவில் கையெழுத்தானது. என் புது அதிகாரி, அந்த ஜூனியர், ஒரு கேள்வி கேட்காமல் போட்டாள். "மேடம், நீங்கள் இதுவரை அங்கே போனதே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "லீவு நிறைய இருக்கிறதே" என்றாள். இவள் நல்ல பெண்ணாக இருந்து தொலைக்கிறாள், என்ன செய்வது.

மே 3

படகைப் பார்த்துவிட்டேன். நான் நினைத்ததில் பாதிதான் இருக்கிறது. பச்சைப் பெயிண்ட், டீசல் நாற்றம், மருந்துப் பெட்டி வைத்தால் கால் நீட்ட இடமில்லை. ரெஜினா நான் நினைத்ததைவிட ரொம்பச் சின்னவள். கட்டிப்பிடித்துக்கொண்டாள், என் முகமெல்லாம் உப்பு.

இவர் பாவம், படகுத்துறையைத் தாண்டியதிலிருந்து வாந்தி. "படகுப் பயணம் நல்லா இருக்கு" என்று இடையிடையே சொல்லிக்கொண்டார். ரெஜினா இஞ்சி மரப்பா கொடுத்தாள்.

மூன்றாவது நிறுத்தம் ஒரு சின்னத் தீவு. முப்பது, நாற்பது வீடு. எல்லாரும் கரைக்கே வந்துவிட்டார்கள். நான் பேர் எழுதிக் கொடுக்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். வரிசையில் ஒரு பெண், இருபத்து நான்கு வயசு இருக்கும், தமிழ்ப் பெண். பேர் காளீஸ்வரி. ஏழு மாசம்.

"மொதப் பிரசவமா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, ரெண்டாவது. மொதல்ல பொம்பளப் புள்ள. போட் நின்னு கெடந்துச்சுல்ல, அப்ப. வலி வந்துருச்சு, எங்க வீட்டுக்காரரு மீன் புடிக்கிற டிங்கிலதான் ஏத்திட்டுப் போனாரு. எட்டு மணி நேரம். பாதிக் கடல்லயே பொறந்துருச்சு. தங்கல."

யாரையும் குறை சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்.

பேனாவைக் கீழே வைத்தேன். ரெஜினாவைப் பார்த்தேன். அவள் குனிந்து ஊசியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வாடகைக்கு ஒரு போட்டைப் பிடிப்போமா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தது இதற்குத்தான். அறுபத்திரண்டு லட்சம் அன்றைக்கு என் கையில் இருந்தது. நான் அதைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தேன்.

இவர் மணலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். என் முதுகில் கை வைத்தார்.

"நீங்கதான் டெல்லிலேர்ந்து வந்தவங்களாமே" என்றாள் காளீஸ்வரி. "எனக்கு சூலைல தேதி சொல்லியிருக்காங்க. இந்தத் தடவ போட் வரும்லக்கா?"

இஞ்சினுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. எனக்கு அதிகாரம் கிடையாது, புரமோஷன் கிடையாது, கையில் ஒரு உத்தரவு கிடையாது.

"வரும். இது நின்னா வேற போட் வரும். நான் அனுப்புவேன்" என்றேன்.

"சரிக்கா" என்றாள். நம்பிவிட்டாள்.

திரும்பும்போது இவர் வாந்திக்கு நடுவில் கேட்டார்: "டெண்டர் விடறதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"நாப்பத்தஞ்சு."

விரல்விட்டு எண்ணினார். "லீவக் கேன்சல் பண்ணிட்டு நாளைக்கே கெளம்பிடலாமா?"

டிக்கெட் மாற்றியாகிவிட்டது. காலை ஏழரைக்கு விமானம்.